தூத்துக்குடியின் பதிவேடுகள் எங்கே இருக்க வேண்டும்?

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறை, கடலில் நடந்த தொழிலை அரசுகள் இடைவிடாமல் எழுதிவைத்த கரையாகும். பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் எதில் சிப்பி விளைந்திருக்கிறது, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளில் எவ்வளவு முத்து தேறியது, குளிப்புக்கு எத்தனை தோணிகளை அனுமதிக்கலாம், மாலையில் கரைசேர்ந்த குவியலில் அரசின் பங்கு எவ்வளவு, குளியாளின் பங்கு எவ்வளவு, ஏலத்தில் ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போனது என்ற விவரங்கள் ஆட்சி மாறினாலும் ஏதோ ஒரு வடிவில் பேரேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் நின்றுபோன பிறகும் அதன் பதிவேடுகள் எஞ்சியுள்ளன. அவை தூத்துக்குடியில் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. போர்ச்சுக்கீசியர் எழுதியவை கோவாவுக்கும் லிஸ்பனுக்கும் சென்றன. 1658-இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் எழுதியவற்றில் பெரும்பகுதி நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் ஒரு பகுதி சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. ஆங்கிலேயர் எழுதியவை சென்னைக்கும் லண்டனுக்குமாகப் பிரிந்தன. மூச்சடக்கி அந்தச் சிப்பியை எடுத்துவந்தவனின் கையில் எந்தப் படியும் தரப்படவில்லை.

ஒரு கரையின் நினைவு எங்கே, யார் பொறுப்பில், யாருடைய வசதிக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்ற இந்தக் கேள்வி, அரசு அலுவலகங்கள் மேகக் கணிமைக்கு மாறிவரும் இக்காலத்தில் வேறொரு வடிவில் திரும்பி வந்துள்ளது. அரசுத் துறையின் தரவுகளும் அவற்றைக் கையாளும் மென்பொருள்களும் அந்தந்த அலுவலகத்துக் கணினியில் இருப்பதற்குப் பதிலாக, தொலைவில் உள்ள பெரிய தரவு மையங்களில் வைக்கப்பட்டு, இணைய வழியாகத் தேவைக்கேற்பப் பயன்படுத்தப்படுவதையே மேகக் கணிமை என்கிறோம். இந்த மாற்றத்தைத் துறைகளின் தொழில்நுட்பக் கொள்முதலாக மட்டும் பார்ப்பது போதாது. பட்டாவும் படகு உரிமமும் சுங்க ரசீதும் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் உரிமையும் இதில் அடங்கியிருப்பதால், அதன் இயல்பையும் அதன் ஆபத்தையும் பொதுமக்களும் தெரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

இன்றைய தூத்துக்குடியில் இத்தகைய பதிவுகள் எவ்வளவு அடர்த்தியாக உள்ளன என்பதற்கு ஒரு கன்டெய்னரின் பயணமே சான்றாகும். கொழும்பில் கப்பல் மாற்றி ஏற்றப்பட்டு வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் ஒரு பெட்டியின் விவரம், கப்பல் முகவர் சுங்கத் துறைக்கு அனுப்பும் சரக்குப் பட்டியலில் முதலில் இடம்பெறுகிறது. பின்னர் இறக்குமதியாளர் சார்பில் சுங்க முகவர் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்கிறார். வரி கணக்கிடப்பட்டு, வங்கி வழியே கட்டப்பட்டு, தேவையானால் பெட்டி திறந்து பார்க்கப்பட்டு, சுங்க அனுமதி கிடைக்கிறது. கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டரும் முனையத்தின் கட்டண ரசீதும் சேர்ந்த பிறகே லாரி வாயிலைக் கடக்கிறது. ஒரே பெட்டி எண் ஐந்தாறு அமைப்புகளின் கணினிகளில் பதிவாகிறது. அவற்றுள் ஒன்று முடங்கினாலும் மற்றவை அனைத்தும் காத்திருக்க வேண்டும். பெட்டி யார்டில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

இந்தப் பதிவுகள் நெடுங்காலம் அந்தந்த அமைப்பின் சொந்தக் கணினியிலேயே இருந்தன. அலுவலகத்தின் ஓர் அறையில் குளிர்சாதனமும் மின்கல வசதியும் வைத்து, அங்கே சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி நிறுவப்படும். அடுத்த ஐந்தாண்டில் எவ்வளவு வேலை வரும் என்று உத்தேசமாகக் கணித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, மூலதனச் செலவில் அதை வாங்கியாக வேண்டும். கணிப்பு மிகுந்துவிட்டால் இயந்திரத்தின் பாதித் திறன் ஆண்டு முழுவதும் பயன்படாமல் கிடக்கும். குறைந்துவிட்டால், விண்ணப்பம் குவியும் நாளில் திணறிப்போகும். "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்று இ-சேவை மையங்களிலும் பதிவு அலுவலகங்களிலும் மக்கள் கேட்டுப் பழகிய பதிலுக்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். வன்தட்டு பழுதானால் சரிசெய்பவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. காப்புநகல், அதாவது பேக்கப், எடுக்கப்பட்டிருந்தாலும் அதுவும் பெரும்பாலும் அதே அறையின் அலமாரியிலேயே இருந்தது.

மேகக் கணிமை இதற்குத் தரும் மாற்று ஏற்பாட்டைத் துறைமுகத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறை சரக்கு இறக்கும் ஒரு வணிகர் தமக்கென ஒரு தளமும் கிரேனும் கிடங்கும் கட்டிக்கொள்வதில்லை. துறைமுகத்தின் பொதுத் தளத்தில் சரக்கை இறக்கி, பொதுக் கிடங்கில் வைத்து, டன்னுக்கும் நாளுக்கும் உரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டு எடுத்துச் செல்கிறார். தரவு மையமும் பல துறைகளின் தேவையைப் பொதுவான இயந்திரங்களில் ஏற்று, பயன்பாட்டை அளந்து கட்டணம் பெறுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வரையறை இதன் ஐந்து இயல்புகளைக் கூறுகிறது: பயன்படுத்துவோர் யாரையும் எதிர்பாராமல் தாமே வேண்டிய கணினித் திறனைப் பெற்றுக்கொள்ளுதல், எந்தக் கருவியிலிருந்தும் வலைவழி அணுகுதல், வளங்களைப் பலர் பகிர்தல், தேவை கூடும்போதும் குறையும்போதும் விரைவாக விரிந்து சுருங்குதல், பயன்பாடு அளக்கப்படுதல். வெறும் கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் மட்டும் வாடகைக்குப் பெறுவது ஒரு நிலை. மென்பொருள் எழுதுவதற்கான தளத்தையும் சேர்த்துப் பெறுவது அடுத்த நிலை. உடனே பயன்படுத்தத்தக்க முழு மென்பொருளையே சேவையாகப் பெறுவது மூன்றாம் நிலை.

இவற்றுள் விரிந்து சுருங்கும் இயல்பே அரசுக்கு மிகவும் பயன்படுவது. ஏனெனில் அரசின் வேலை அலைபோல் வருகிறது. தேர்வு முடிவு வெளியாகும் காலை, நிவாரணம் அறிவிக்கப்படும் வாரம், மீன்பிடித் தடைக்கால உதவித்தொகைக்கான பட்டியல் சரிபார்க்கப்படும் மாதம் ஆகியவற்றில் வரும் நெருக்கடி மற்ற நாள்களில் இருப்பதில்லை. 2021 ஏப்ரல் 28 அன்று 18 முதல் 44 வயதினருக்கான கொரோனா தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியபோது முதல் நிமிடங்களில் தளம் தடுமாறினாலும், அந்த ஒரே நாளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். ஓர் அலுவலகத்துச் சர்வர் அறையை நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

இந்தியாவில் இந்தப் பாதை திடீரெனப் போடப்பட்டதன்று. 1976-இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவலியல் மையம் மாவட்டங்கள்தோறும் தன் அலுவலர்களை அமர்த்தி, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களைத் தலைநகரோடு செயற்கைக்கோள் வழியே இணைத்தது. பின்னர் மாநிலத் தரவு மையங்கள் உருவாயின. தமிழ்நாட்டுக்கான மையம் சென்னை பெருங்குடியில் மாநில அரசின் எல்காட் நிறுவனத்தின் வளாகத்தில் அமைந்தது. அதற்குப் பேரிடர் மீட்பு மையம் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டது. முதன்மை மையம் செயலிழந்தால் அதன் வேலையை ஏற்றுக்கொள்வதற்காக வேறோர் ஊரில் தயாராக வைக்கப்படும் இரண்டாம் மையத்துக்கே பேரிடர் மீட்பு மையம் என்று பெயர். பெருங்குடிப் பகுதி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியிருப்பதையும், 2015-லும் 2023-லும் அப்பகுதி வெள்ளத்தில் மிதந்ததையும் நினைத்தால், திருச்சியின் அந்த இரண்டாம் மையம் ஏன் இன்றியமையாதது என்பது விளங்கும். 2014 பிப்ரவரியில் மத்திய அரசு மேக்ராஜ் என்ற பெயரில் தேசிய மேகத்தைத் தொடங்கியது. அதன்பின் தனியார் மேகச் சேவை நிறுவனங்களையும் தணிக்கை செய்து பட்டியலிட்டு, அரசுத் துறைகள் அவற்றிடமிருந்து சேவை பெற வழிசெய்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற, தரவு இந்திய எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

துறைமுகங்களில் இதன் வடிவம் பிசிஎஸ்1எக்ஸ் என்ற பொதுத் தளமாகும். இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 2018 டிசம்பரில் இதைத் தொடங்கியது; கப்பல் முகவர், சுங்க முகவர், முனையம், வங்கி, துறைமுக ஆணையம் ஆகியோர் ஒரே இடத்தில் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும்படி இது மேக அடிப்படையில் வடிவமைக்கப்பட்டது. 2023-இல் தேசியத் தளவாடத் தளத்தின் கடல்சார் பிரிவு இதை இன்னும் விரிவாக்கியது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின்கீழ் இன்று ஆணையமாகச் செயல்படும் தூத்துக்குடித் துறைமுகமும் இந்தப் பொது ஏற்பாட்டின் உறுப்பாகும். டெலிவரி ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஊழியர்களின் நேரம் இதனால் மிச்சமாகிறது. ஏற்றுமதியாளரின் கையிருப்பு முடங்கும் நாள்களும் குறைகின்றன.

வெள்ளம் கற்பித்தது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட மிகுதியாக ஒரே நாளில் கொட்டிய அந்த மழையில் குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைமீறியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் ஏறத்தாழ 800 பேர் சிக்கிக்கொண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. உயிரும் வீடும் கால்நடையும் வாழைத் தோட்டமும் பறிபோன நேரத்தில் காகிதத்தைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் மனமிருக்காது. ஆனால் தண்ணீர் வடிந்ததும் நிவாரணம், காப்பீடு, வங்கிக் கடன், பள்ளிச் சேர்க்கை என்று எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

பழைய முறையில் ஒருவர் தம் வீட்டில் இருந்த பட்டாவையும் சாதிச் சான்றிதழையும் வெள்ளத்தில் இழந்தால், அவற்றின் மூலப்படிவம் கிராம நிர்வாக அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. வெள்ளம் வீட்டையும் அந்த அலுவலகத்தையும் ஒரே இரவில் எட்டும்போது அந்த நம்பிக்கைக்கு இடமில்லாமல் போகிறது. கிராம நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டின் நனைந்து ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து உலர்த்தி எழுத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வருவாய்த் துறையில் பணியாற்றியவர்களுக்குத் தெரியும். பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழ்நாடு அரசு இணைய வழியில் பார்க்கச் செய்திருப்பதும், 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கரில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணங்களுக்கு மூல ஆவணத்துக்கு இணையான சட்ட மதிப்பு தரப்பட்டிருப்பதும் இந்த வகையில் பெரிய பாதுகாப்பு. பதிவேடும் கட்டடமும் ஒரே விதிக்கு உட்படக் கூடாது என்பதே கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மேகக் கணிமை தரும் முதல் நன்மை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையைக் கண்ட தமிழகக் கடற்கரைக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் அதே வெள்ளம் இந்த ஏற்பாட்டின் குறையையும் காட்டியது. தரவு வேறோர் ஊரில் பத்திரமாக இருந்தாலும், அலைபேசிக் கோபுரம் சாய்ந்து, கேபிள் அறுந்து, மின்சாரம் நின்றுபோன ஊரில் அதை எடுத்துப் பார்க்க வழியில்லை. மேகம் என்று பெயர் சொன்னாலும் அது தரையடிக் கண்ணாடியிழையையும் மின்கம்பத்தையுமே நம்பி நிற்கிறது. ஆகவே முகாமில் இருக்கும் அலுவலரின் கையடக்கக் கருவி, அவருடைய வட்டத்துக் குடும்பங்களின் அடிப்படை விவரத்தை மறையாக்கம் செய்த வடிவில், அதாவது கடவுச்சொல் இல்லாதவருக்குப் புரியாத குறிகளாக மாற்றிய வடிவில், தன்னிடமே வைத்திருந்து, இணைப்பு இல்லாதபோதும் பதிவுசெய்து, இணைப்பு திரும்பியதும் மையத்தோடு ஒத்திசைக்கும்படி மென்பொருள் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பணி இத்துடன் சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். வலை போய்ச் சேராத ஊராட்சிக்கு மேகத்தில் உள்ள பதிவேடு கிடைத்தும் கிடைக்காத பொருளே.

வளைகுடாவுக்கு அப்பால் நடந்தது

தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே 2006-இல் சுமார் 325 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் போடப்பட்டது. அந்தக் கேபிளின் மறுமுனையில் உள்ள நாட்டில் 2023-இல் நடந்தது, மேகத்துக்கு மாறினாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று எண்ணுவோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. இலங்கை அரசின் அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் முதலிய சேவைகளை வழங்கும் லங்கா அரசு மேகம் என்ற அமைப்பைப் பிணைக்கொள்ளை மென்பொருள் தாக்கியது. பிணைக்கொள்ளை மென்பொருள் என்பது கணினிக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீங்கு நிரலாகும். அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு மீளாமல் போயிற்று. அமைப்பு சில மணி நேரத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. இழந்த மூன்று மாதக் கடிதங்கள் மட்டும் திரும்பவில்லை, ஏனெனில் அந்தக் காலத்துக்குரிய காப்புநகல்களும் தாக்குதலில் சேர்ந்தே பூட்டப்பட்டன. வலையோடு இணைக்கப்படாமல் தனியே வைக்கப்பட்ட நகல் எதுவும் இல்லை. மின்னஞ்சலை இயக்கிய மென்பொருள் காலாவதியான 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் முடிவு நிதிக் குறைவாலும் நிர்வாகத் தாமதத்தாலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இங்கே தவறு மேகக் கணிமையில் இருந்ததாகச் சொல்ல முடியாது. பொதுக் கிடங்கைக் கட்டியவர்கள் அதைப் பராமரிக்கும் செலவை ஆண்டுதோறும் ஒதுக்கத் தவறினார்கள் என்பதே உண்மை. சிதறிக் கிடந்த நூறு பழைய சர்வர்களில் ஒன்று கெட்டால் ஓர் அலுவலகம் பாதிக்கப்படும். அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்தபின் அந்த ஓரிடம் கெட்டால் அரசாங்கமே பாதிக்கப்படும். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களால் தீப்பற்றியபோது 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற மேகச் சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு முழுமையாக எரிந்துபோனது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்புநகல் வைக்கப்படவில்லை. மின்னாளுகையில் உலகின் முன்வரிசையில் எண்ணப்படும் நாட்டில் நடந்தது இது.

கப்பல் தொழில் இதே பாடத்தை இன்னும் முன்பே கற்றது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீங்கு நிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை உலகெங்கும் முடக்கியபோது, அதன் குழுமத்தைச் சேர்ந்த மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்து முனையமும் நின்றது. நிறுவனத்தின் வலையமைப்பு விவரம் முழுவதும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நிலையில், ஆப்பிரிக்காவின் கானாவில் மின்தடையால் அணைந்துகிடந்த ஒரு சர்வரில் மட்டும் அதன் நகல் தப்பியிருந்தது. அந்த ஒன்றைக் கொண்டே மீட்புப் பணி தொடங்கியது. அதன்பின் பத்து நாள்களில் 4,000 சர்வர்களும் 45,000 கணினிகளும் மீண்டும் நிறுவப்பட்டன. தற்செயலாகக் கிடைத்த அந்தப் பிரிந்த நகலைத் திட்டமிட்டு வைத்திருப்பதே எந்த மேக ஏற்பாட்டிலும் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. எந்த அலுவலகமும் தன் தரவுக்குக் குறைந்தது மூன்று நகல்கள் வைத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரிலும் ஒன்றை வலையிலிருந்து துண்டித்தும் வைக்க வேண்டும் என்பது இத்துறையில் பழகிப்போன விதி. விதியைப் பின்பற்றுவதற்கான பணம்தான் வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படுகிறது.

திறவுகோல் யாரிடம்

முத்துக்குளிப்பின் பேரேடுகள் லிஸ்பனுக்கும் ஹேக்குக்கும் போனது அந்நிய ஆட்சியால். இன்றைய தரவு வெளியே போவது ஒப்பந்தத்தால் நடக்கக்கூடும். தரவு மையம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், அதை நடத்தும் நிறுவனம் வேறொரு நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாக இருந்தால் சிக்கல் எழுகிறது. 2018-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், தன் நாட்டு நிறுவனங்களின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகின் எந்த மூலையில் இருந்தாலும் உரிய ஆணையின்பேரில் அதை ஒப்படைக்கக் கோரும் அதிகாரத்தைத் தன் அரசுக்குத் தருகிறது. எனவே தரவு இந்திய மண்ணில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தேவையானது, ஆனால் முழுமையானதன்று. மறையாக்கத்தின் திறவுகோல் அரசிடம் மட்டுமே இருக்க வேண்டும்; சேவை நிறுவனத்தின் ஊழியர் எவரும் தரவைத் திறந்து படிக்க இயலாதபடி இருக்க வேண்டும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது வெளியேறும் உரிமை. ஒரு துறை தன் பத்தாண்டுத் தரவை ஒரு நிறுவனத்தின் தனித்த மென்பொருள் வடிவில் சேர்த்துவிட்டால், ஒப்பந்தம் முடியும்போது விலை இரட்டிப்பானாலும் விலக முடியாத நிலை வரும். நுழைவதற்கான விதிகளை விரிவாக எழுதும் ஒப்பந்தங்கள், தரவை எந்தப் பொது வடிவில், எத்தனை நாளில், யார் செலவில் திருப்பித் தர வேண்டும் என்பதையும், திருப்பித் தந்தபின் தன்னிடமுள்ள நகலை அழித்ததற்கு நிறுவனம் என்ன சான்று தர வேண்டும் என்பதையும் அதே விரிவோடு எழுத வேண்டும். அளந்து கட்டணம் செலுத்தும் முறைக்கும் கண்காணிப்பு தேவை. சோதனைக்காகத் தொடங்கிய இயந்திரத்தை அணைக்க மறந்தால் அதன் கட்டணம் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். முன்பு மூலதனச் செலவாக ஒரே முறை வந்தது இப்போது ஆண்டுதோறும் வருவாய்ச் செலவாக வருவதால், அதற்கென நிதி ஒதுக்காத துறை நடுவழியில் நின்றுவிடும்.

மேகத்துக்கு மாறியும் நவீனமாகாத அலுவலகங்கள் உண்டு. பழைய மென்பொருளை உள்ளபடியே பெயர்த்துத் தொலைதூரச் சர்வரில் வைத்துவிட்டு, மக்களிடம் அதே ஒன்பது இணைப்புகளையும் அதே கையொப்பங்களையும் கேட்டால், மாறியது இடம் மட்டுமே. தூத்துக்குடி மாவட்டத்து மீனவர் ஒருவரின் விவரம், படகுப் பதிவில் ஓரிடத்தில், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஓரிடத்தில், மீனவர் நல வாரியத்தில் ஓரிடத்தில், குடும்ப அட்டையில் ஓரிடத்தில், ஆதாரில் ஓரிடத்தில், 2024-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய மீன்வள மின்னணுத் தளத்தில் இன்னோரிடத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. இக்கரையில் பரவலாக உள்ள ஒரு குடும்பப் பெயர் ஓர் ஆவணத்தில் பர்னாந்து என்றும், மற்றொன்றில் பெர்னாண்டோ என்றும், வேறொன்றில் ஃபெர்னாண்டோ என்றும் எழுதப்படுகிறது. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் மென்பொருளுக்கு இவர்கள் மூவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குடும்பத்துக்கு வழங்கப்படும் ரூ.8,000 உதவித்தொகை, இப்படிப் பெயர் பொருந்தாத காரணத்தால் ஒருவருக்கு நின்றுபோகுமானால், அவருக்குக் கடலும் மூடியிருக்கிறது, கணக்கும் மூடியிருக்கிறது.

தரவுகள் ஒரே பொது அடித்தளத்துக்கு வரும்போதுதான் இந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு துறை ஏற்கெனவே சரிபார்த்த விவரத்தை மற்றொரு துறை மீண்டும் மக்களிடம் கேட்காமல், அவர்களின் இசைவோடு அடித்தளத்திலிருந்தே பெற்றுக்கொள்ளலாம். பெயர் வேறுபாட்டை இயந்திரம் தானே நிராகரிக்காமல், கிராமத்தை அறிந்த மீன்வளத் துறை ஆய்வாளரின் முடிவுக்கு அனுப்பலாம். இந்த இணைப்பு மிகுந்துவிட்டால் அரசுக்கு ஒரு குடும்பத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபருக்குச் சில உரிமைகளைத் தந்தாலும் அரசுக்கு விரிவான விலக்குகளையும் தந்திருப்பதால், எந்த அலுவலர் எப்போது எந்தப் பதிவைத் திறந்து பார்த்தார் என்ற குறிப்பு அழிக்க முடியாதபடி சேமிக்கப்படுவதும், அந்தக் குறிப்பைப் பதிவுக்கு உரியவரே பார்க்க இயலுவதும் அவசியம். சிப்பிக் குவியல் பங்கிடப்பட்ட பேரேட்டைக் குளியாள் பார்க்க முடிந்ததில்லை. இன்றைய மீனவருக்குத் தம் பதிவைப் பார்க்கும் உரிமையை மேகக் கணிமை எளிதாகத் தரக்கூடியது என்பதால், அதைத் தராமலிருக்க எந்தத் தொழில்நுட்பக் காரணமும் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் நடத்தப்போவது இயந்திரங்களைவிட மனிதர்களே. சர்வர் அறையைக் காத்த ஊழியருக்கு இனி அந்த வேலை இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், மாதக் கட்டணத்தைச் சரிபார்க்கவும், அணுகல் அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கவும், ஓய்வுபெற்றவரின் கடவுச்சொல்லை அன்றே நீக்கவும் தெரிந்தவர்கள் தேவை. மாவட்டத்தின் தகவலியல் அலுவலர் ஒருவரிடமும் அவருடைய சிறு குழுவிடமும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்து உதவியாளர் முதல் துறைமுக வாயிற்காவலர் வரை தத்தம் நிலைக்குரிய பயிற்சி தமிழிலேயே தரப்பட வேண்டும்.

காப்புநகல் இருக்கிறது என்று கோப்பில் எழுதிவைப்பது எளிது. அதிலிருந்து ஒரு பதிவேட்டை உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்த்தால்தான் அது நகலா, வெறும் நம்பிக்கையா என்பது தெரியும். தூத்துக்குடி மாவட்ட நிர்வாகமும் துறைமுக ஆணையமும் மீன்வளத் துறையும், படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும் இந்த மீட்புச் சோதனையை நடத்தி, சோதனை நடந்த நாளையும், எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு பதிவுகள் மீண்டன என்பதையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பட்டாவும் படகு உரிமமும் வைத்திருப்போர், கிராம சபையிலும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அந்த நாளைக் கேட்டு வாங்க வேண்டும்.